சித்தி போட்ட வழக்கு

விவாகரத்து ஆன பிறகு முன்னாள் கணவர் மேல் வழக்குப் போடுகிறவர்கள் ஜீவனாம்சம் கேட்டுப் போடுவார்கள், வீட்டைக் கேட்டுப் போடுவார்கள். கத்திரி போட்டது அவருடைய மகளைப் பார்க்க அனுமதி கேட்டு. அதுவும் அவள் பெற்ற மகள் இல்லை. அவருடைய முதல் மனைவி பெற்ற மகள்.

கேள்விப்பட்டவர்கள் நம்பாமல் இன்னொரு தடவை கேட்டார்கள். "சித்தியா? சித்தியா கேஸ் போட்டிருக்கா?" சித்தி என்றாலே குழந்தையின் கையில் துடைப்பத்தைக் கொடுப்பவள் என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது தலைகீழாக இருந்தது.

கத்திரி என்பது அவளுடைய சொந்தப் பெயர் இல்லை. பெண்களுக்கு முடி வெட்டும் பார்லர் வைத்திருக்கிறாள். வேலை பழகிய நாளில் கை ஓடுகிற வேகத்துக்கு வாயும் ஓடியதைப் பார்த்து யாரோ வைத்த பெயர், பிறகு அவளே கடைப் பலகையில் எழுதிவைத்துவிட்டாள். சின்னக் கடைதான். மூன்று சுழல் நாற்காலி, எதிரே முழு நீளக் கண்ணாடி, மூலையில் குடத்தைக் கவிழ்த்து வைத்தாற்போல முடி காய வைக்கிற மிஷின்.

பட்டாணி அந்தக் கடைக்குள் முதன்முதலில் வந்தது மூன்று வயதில். பட்டாணி என்பதுதான் குழந்தையை வீட்டில் கூப்பிடுகிற பெயர். பக்கத்துக் கடை மூக்குக்கண்ணாடிக் கடை. அதை நடத்துகிறவர் மனைவியை இழந்து இரண்டு வருடம் ஆன மனிதர், வார்த்தையை எண்ணிப் பேசுகிறவர். அன்றைக்கு மகளை மார்போடு அணைத்துக்கொண்டு வந்து நின்றார். அணைப்பு பாசத்தால் வந்தது இல்லை. குழந்தையின் தலையில் சூயிங்கம் ஒட்டியிருக்கிறது, அதை எடுக்கப் போய், முடியும் சூயிங்கமும் அவருடைய சட்டைப் பொத்தானும் ஒரே உருண்டையாகிவிட்டன. அப்பாவும் மகளும் ஒட்டிக்கொண்டே கடைவாசல் ஏறியிருந்தார்கள்.

"எதை வெட்டட்டும்? முடியையா, சட்டையையா?" என்றாள் கத்திரி.

"முடி வேண்டாங்க" என்றார் அவர்.

"சட்டை வேண்டாம்" என்றாள் குழந்தை.

கத்திரி எண்ணெயைத் தடவி, ஊசி முனை சீப்பால் இழை இழையாக எடுத்து, இரண்டையும் வெட்டாமல் காப்பாற்றினாள். காரியம் முடிவதற்குள் குழந்தை அவள் மடியிலேயே தூங்கிப்போனது. அவர் எழுப்ப வந்தார். "இருக்கட்டும், கடையில ஆள் இல்ல" என்றாள் அவள். உண்மையில் இரண்டு பேர் காத்திருந்தார்கள்.

அடுத்த வருடம் கல்யாணம்.

ஐந்து வருடம் ஓடியது. பிறகு முறிந்தது. யார் மேல் தப்பு என்று கேட்டால் இருவருமே யோசிப்பார்கள். அவருக்குத் துண்டெல்லாம் ஒரே அளவாக மடித்து அடுக்கியிருக்க வேண்டும். அவள் அலமாரியைத் திறந்தால் மூட மாட்டாள். அவருக்குக் கோபம் வந்தால் மூன்று நாள் பேச மாட்டார். அவளுக்குக் கோபம் வந்தால் மூன்று நாள் நிறுத்த மாட்டாள். இரண்டு நல்ல மனிதர்கள் ஒரே சமையலறையில் நிற்க முடியாமல் போன கதை அது. சண்டை முற்றி ஒருவரை ஒருவர் வெறுக்கிற இடத்துக்குப் போவதற்கு முன்னால், கையெழுத்துப் போட்டுப் பிரிந்துவிட்டார்கள்.

கையெழுத்துப் போட்ட பத்திரத்தில் பட்டாணி பற்றி ஒன்றும் இல்லை. அவள் அவருடைய மகள், அவரோடு இருப்பாள், அதில் எழுத என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டார்கள். "ஞாயித்துக்கிழமை வந்து பாரு" என்று வாய்வார்த்தையாக அவர் சொன்னார். கத்திரியும் போனாள். முகூர்த்த நாளில் மணப்பெண் அலங்கார வேலை வந்தால் மட்டும் போக முடியாது. அப்போது போன் போட்டு, "அடுத்த வாரம் வரேண்டா செல்லம்" என்பாள். அடுத்த வாரமும் ஒரு மணப்பெண் வருவாள்.

இதற்கிடையில் அவர் கடையையும் வீட்டையும் ஊரின் இன்னொரு கோடிக்கு மாற்றினார். குழந்தையைப் பார்த்துக்கொள்ள அவருடைய அக்கா வந்து சேர்ந்தார். பட்டாணிக்கு அத்தை, கத்திரிக்கு அண்ணி. முப்பது வருடம் ரயில்வேயில் நேரம் பார்த்து நேரம் பார்த்துப் பழகியவர். அவர் வீட்டில் இட்ட கட்டளையைச் சுவர்க் கடிகாரமும் மீறாது.

ஒரு நாள் சாயங்காலம் கண்ணாடிக்காரர் போன் பண்ணினார்.

"இனிமே நீ வர வேண்டாம்னு நினைக்கிறேன்."

"ஏன், என்ன ஆச்சு?"

"நீ வந்துட்டுப் போனா ரெண்டு நாள் அழறா. சரியா சாப்பிடறதில்ல. ஸ்கூல்ல கூப்பிட்டுக் கேக்கறாங்க. அவ ஒரு தடவை அம்மாவை இழந்தவ. மாசாமாசம் இன்னொரு தடவை இழக்க வேண்டாம்."

ஐந்து வருடக் குடும்ப வாழ்க்கையில் அவர் இத்தனை வாக்கியம் சேர்ந்தாற்போலப் பேசி அவள் கேட்டதில்லை. அவர் வைத்த பிறகும் போனைக் காதில் வைத்துக்கொண்டே நின்றாள்.

அதற்கப்புறம் கடையில் வேலை நடந்தது, பேச்சு நடக்கவில்லை. வழக்கமாக வருகிறவர்களுக்கு முடி பாதி வெட்டும்போதே பயம் வந்தது. "உடம்பு சரியில்லையா?" என்று ஆள் ஆளுக்கு விசாரித்தார்கள். கடைசியில் அவள் வாயைத் திறக்க வைத்தது வக்கீலம்மா. தெரு முனையில் ஆபீஸ் வைத்திருக்கிறவர், மாதம் தவறாமல் தலைக்குச் சாயம் போட வருவார். அன்றைக்கு அவர் தலை முழுக்க வெள்ளித்தாளை மடித்து மடித்துச் செருகியிருந்தது. அந்தக் கோலத்தில் முழுக் கதையையும் கேட்டார்.

"உனக்கு உரிமை இருக்குன்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார். "கேக்கற உரிமை இருக்கு. அது வேற, இது வேற."

"புரியற மாதிரி சொல்லுங்கம்மா."

"குழந்தை விஷயத்துல பெத்தவர் சொல்றதுதான் முதல் பேச்சு. கோர்ட்டும் அதைத்தான் மதிக்கும். ஆனா தாத்தா பாட்டி, அண்ணன் அக்கா, எடுத்து வளர்த்தவங்க, இந்த மாதிரி ஆளுங்களும் போய், 'குழந்தையைப் பார்க்க விடுங்க'ன்னு கேக்கலாம். உனக்கு ஆசையா இருக்குன்னு சொன்னா செல்லாது. குழந்தைக்கு அது நல்லதுன்னு நிரூபிக்கணும்."

காய வைக்கிற மிஷினுக்கு அடியில் தையல்கடை அக்கா உட்கார்ந்திருந்தார். மிஷின் சத்தத்தில் அவர் காதில் பாதிதான் விழுந்தது. "யாரு குழந்தையை எடுத்துட்டுப் போயிட்டாங்க?" என்று கடை அதிரக் கத்தினார்.

"யாரும் எடுத்துட்டுப் போகலக்கா! நான் பார்க்கத்தான் கேக்கறேன்!"

"கேட்டா கொடுக்க வேண்டியதுதானே! இதுக்கு என்ன கோர்ட்டு!"

"அதைத்தாங்க்கா கோர்ட்ல போய்ச் சொல்லப் போறோம்!" என்று வக்கீலம்மாவும் கத்தினார். தலையில் வெள்ளித்தாள்கள் சலசலத்தன. கத்திரிக்கு வாரக்கணக்கில் வராத சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடு சேர்ந்து கண்ணீரும் வந்துவிட்டதால் வக்கீலம்மாவின் சாயத்தைப் பத்து நிமிடம் அதிகமாக ஊறவிட்டுவிட்டாள். வழக்கு முடிகிறவரை வக்கீலம்மா செம்பட்டைத் தலையோடுதான் வாதாடினார்.

குடும்ப நீதிமன்றத்தில் மனு வாங்குகிற ஜன்னலில் ஓர் எழுத்தர் இருந்தார். தலை நிமிராமலே கேட்டார்.

"குழந்தைக்கு நீங்க என்ன வேணும்?"

"மாசத்துல ரெண்டு நாள் கிடைச்சாக்கூடப் போதுங்க" என்றாள் கத்திரி.

எழுத்தர் இப்போது நிமிர்ந்தார். "அதில்லம்மா. உறவு என்ன? தாத்தா பாட்டின்னா இந்தக் கட்டம். அத்தை மாமான்னா இது. கூடப் பொறந்தவங்கன்னா இது."

"சித்தி. அதாவது, முன்னாடி சித்தி."

அவர் தாளை மேலும் கீழும் பார்த்தார். முன்னாள் சித்திக்கு அதில் இடம் இல்லை. எல்லாவற்றுக்கும் அடியில் 'மற்றவர்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் ஒரு டிக் போட்டார். தேர்வில் பெயில் ஆன மாதிரி இருந்தது கத்திரிக்கு. பட்டாணிக்கு முதல் பல் விழுந்தபோது அதை டப்பாவில் போட்டு வைத்தது யார், மற்றவரா?

விசாரணை நாள் வந்தது. கிளம்புகிற அவசரத்தில் நாற்காலியில் கழற்றி வைத்திருந்த தன் மூக்குக்கண்ணாடி மேலேயே உட்கார்ந்துவிட்டாள். வளைந்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு கோர்ட் தாழ்வாரத்தில் போய்ச் சேர்ந்தாள். நீள நீளமான மர பெஞ்சுகள். காசு போட்டால் காப்பி தருகிற மிஷின் ஒன்று, காசை மட்டும் வாங்கிக்கொண்டு நின்றது. எதிர் பெஞ்சில் கண்ணாடிக்காரரும் அவருடைய அக்காவும். இரண்டு பெஞ்சுக்கும் நடுவே நாலடி இடைவெளி, அதில் யாரும் காலை நீட்டவில்லை.

கத்திரி அவரைப் பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். ஆனால் அவர் திரும்பியபோது பின்னந்தலை கண்ணில் பட்டுவிட்டது. பொறுக்க முடியவில்லை.

"பின்னாடி யாரு வெட்டினது? எலி கடிச்ச மாதிரி இருக்கு."

அவர் கண்ணால் பக்கத்தில் காட்டினார். அண்ணி நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஏன், அதுக்கென்ன குறைச்சல்?"

"ஒண்ணும் இல்ல அண்ணி."

"நான் இப்ப உனக்கு அண்ணி இல்ல."

"சரிங்க அண்ணி."

அவருக்கும் ஒரு பொறுக்க முடியாத விஷயம் இருந்தது போல. அவள் மூக்கின் மேல் கோணலாக நிற்கிற கண்ணாடியைப் பார்ப்பதும் பார்வையைத் திருப்புவதுமாக நெளிந்தார். கடைசியில் எழுந்து வந்து கையை நீட்டினார்.

"கொடுங்க" என்றார். ஐந்து வருடம் நீ என்று கூப்பிட்டவர். கோர்ட் வாசல் ஏறியதும் மரியாதை வந்துவிட்டிருந்தது.

கழற்றிக் கொடுத்தாள். கட்டைவிரலால் காதுக்கம்பியை அழுத்தி, விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்து, மூக்குத் தாங்கியைச் சரி பண்ணி, சட்டை முனையால் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். "இதைப் போட்டுட்டு எப்படி நடந்து வந்தே? படிக்கட்டு ரெண்டு ரெண்டாத் தெரிஞ்சிருக்கும்." மரியாதை அதற்குள் கழன்றுபோனது.

அந்த நேரம் பார்த்து வக்கீலம்மா வந்தார். "எதிர்த்தரப்போட என்ன பேச்சு?"

"பேசலைங்கம்மா. மூக்கைச் சரி பண்ணிக்கிட்டோம்."

நீதிபதிக்கு அன்று ஜலதோஷம். மேஜை மேல் சட்டப் புத்தகத்தைவிடக் கைக்குட்டைகள் அதிகம். தும்மலுக்கு நடுவே மனுவைப் படித்துவிட்டுக் கத்திரியைப் பார்த்தார்.

"அப்பா நல்லா பார்த்துக்கறார். அத்தை கூட இருக்காங்க. குழந்தைக்கு ஒரு குறையும் இல்லைன்னு பள்ளிக்கூடத்துலயும் சொல்றாங்க. நீங்க வந்தா அழறான்னு வேற சொல்றார். பெத்தவர் யோசிச்சு வேண்டாம்னு சொன்னதை, நான் எதுக்கும்மா மாத்தணும்?"

வக்கீலம்மா எழுதிக் கொடுத்துப் பாடமாக்கச் சொன்னதெல்லாம் கத்திரிக்கு அந்த நிமிடத்தில் மறந்துபோனது.

"ஐயா, அவர் நல்ல அப்பா. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. நல்ல புருஷனான்னு கேட்டா வேற கதை" என்றாள். நீதிபதியின் தும்மல் பாதியில் நின்றது. "நான் அவளைப் பெறல. அவ அம்மா போட்டோ வீட்டுல மாட்டியிருந்தது, தினம் அதுக்கு குட்நைட் சொல்ல வெச்சதே நான்தான். அம்மா இடம் எனக்கு வேண்டாங்க. ஆனா நாலு வயசுலேர்ந்து ஒம்பது வயசு வரைக்கும் நான் அந்த வீட்டுல இருந்தேன். அவளுக்கு ஷூ லேஸ் கட்டக் கத்துக்கொடுத்தேன். அவ பொய் சொன்னா எந்தக் கண்ணைச் சிமிட்டுவான்னு எனக்குத் தெரியும். ஒரு நாள் திடீர்னு நான் இல்லாமப் போனா, அந்த அஞ்சு வருஷம் என்னதுன்னு அவ யாருகிட்ட கேப்பா? எனக்கு வேணும், அவருக்கு வேண்டாம்னுதான் எல்லாரும் பேசறோம். அவளுக்கு நான் வேணுமா வேண்டாமான்னு அவகிட்ட யாராவது கேட்டாங்களா? வேண்டாம்னு சொன்னா நான் இப்படியே திரும்பிப் போயிடறேன்."

வக்கீலம்மா நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். கடைசி வாக்கியத்தைச் சொல்லவே கூடாது என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டிருந்தார்.

நீதிபதி மூக்கைத் துடைத்துக்கொண்டார். "கேட்டுடலாம்" என்றார். நீதிமன்ற ஆலோசகர் குழந்தையோடு பேசி அறிக்கை தர வேண்டும் என்று எழுதினார்.

ஆலோசகர் ஆறடி உயரம், அதற்கேற்ற பருமன். அவருடைய அறையில் இருந்ததெல்லாம் குழந்தைகளுக்கான குட்டி நாற்காலிகள். அவற்றில் ஒன்றில் முழங்கால் காதைத் தொட உட்கார்ந்திருப்பார். பட்டாணி அவரோடு இரண்டு தடவை தனியாகப் பேசினாள். பிறகு எல்லோரையும் கூப்பிட்டார். கத்திரி, கண்ணாடிக்காரர், அண்ணி மூவரும் குட்டி நாற்காலிகளில் வரிசையாகக் குந்தினார்கள். எதிரே பட்டாணி, மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஆறு மாதத்தில் ஒரு சாண் வளர்ந்திருந்தாள். முன்பக்க முடி கோணல்மாணலாக வெட்டப்பட்டு நின்றது. அத்தையின் கைவேலைதான். கத்திரி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"நான் சொல்லட்டுமா, நீயே சொல்றியா?" என்று ஆலோசகர் கேட்டார்.

"நானே சொல்றேன்" என்றாள் பட்டாணி. கட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சித்தி வந்ததுக்கு நான் அழல. சித்தி போனதுக்கும் அழல."

"பின்னே எதுக்குடா அழுதே?" என்றார் அப்பா.

"எப்ப வரும்னு தெரியல, அதுக்குத்தான். அடுத்த வாரம்னு சொல்லும். நான் டிரெஸ் போட்டுட்டு ஜன்னல்ல உக்காந்திருப்பேன். அப்புறம் போன் வரும். கல்யாணப் பொண்ணு வந்துட்டான்னு சொல்லும்." ஒரு கட்டையை மேலே வைத்தாள். "எத்தனை கல்யாணப் பொண்ணு!"

கத்திரிக்கு முகத்தில் யாரோ தண்ணீர் ஊற்றினாற்போல இருந்தது. குழந்தையைத் தன்னிடமிருந்து பிரிக்கிறார்கள், அப்பா பிடிவாதக்காரர், அத்தை ஈரமில்லாதவர் என்று அவள் மாதக்கணக்கில் மனதுக்குள் வழக்கு நடத்தியிருந்தாள். ஜன்னலில் உட்கார்ந்திருந்தவளை ஒரு தடவைகூட நினைத்துப் பார்க்கவில்லை. எத்தனை ஞாயிறு என்று அவளுக்கே கணக்குத் தெரியாது. பட்டாணிக்குத் தெரியும் போலிருந்தது.

வழக்கமாக அவள் வாய் ஏதாவது ஒரு சமாதானத்தைத் தானாக எடுத்துக் கொடுக்கும். இப்போது அவள் அதைத் திறக்க விடவில்லை. குட்டி நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தாள்.

"தப்புதான்டா" என்றாள். "கல்யாணப் பொண்ணுக்கு ஊர்ல நூறு பார்லர் இருக்கு. நான் வந்திருக்கணும்."

பட்டாணி யோசித்தாள். "நாள் சொல்லிட்டு வந்தா வா" என்றாள். "இல்லாட்டி வேண்டாம்."

"நீதிபதி எழுதறதை இவளே எழுதிட்டா" என்றார் ஆலோசகர். எழுந்திருக்கப் பார்த்தார். நாற்காலியும் கூடவே வந்தது. பட்டாணி விழுந்து விழுந்து சிரித்தாள். அவளைப் பார்த்து முதலில் அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது, பிறகு கத்திரிக்கு. அண்ணி மட்டும் முகத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் நாற்காலியைப் பிடித்து இழுத்து ஆலோசகரை விடுவித்தார்.

வெளியே தாழ்வாரத்துக்கு வந்ததும் கண்ணாடிக்காரர் அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"நானும் அவகிட்ட கேக்கல" என்றார். "அழுதா, நிறுத்தணும்னு தோணிச்சு. அவ்வளவுதான்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம், ஜன்னல்ல உக்காந்திருந்தான்னு."

"சொல்லியிருக்கலாம்" என்றார். இரண்டு பேரும் பேச வேண்டியதைப் பேசாமலும், பேச வேண்டாததைப் பேசியும்தான் அந்தக் குடும்பமே போயிற்று. அது இருவருக்கும் தெரிந்திருந்தது.

அப்புறம் வாதாட ஒன்றும் இல்லை. இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டபடி நீதிபதி உத்தரவு எழுதினார். மாதத்தில் இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை, காலை பத்திலிருந்து சாயங்காலம் ஆறு. நடுவில் வாரம் ஒரு தடவை போன். குழந்தை சம்பந்தப்பட்ட மற்ற எல்லா முடிவும் அப்பாவுடையது. இதற்குமேல் ஒரு நிபந்தனையை அண்ணி கேட்டு வாங்கினார். சொல்லாமல் கொள்ளாமல் இரண்டு தடவை வராவிட்டால், உத்தரவை ரத்து செய்யச் சொல்லி அப்பா திரும்ப வரலாம்.

வக்கீலம்மா எதிர்ப்புத் தெரிவிக்க எழுந்தார். கத்திரி அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "இருக்கட்டும்மா. அது எனக்கு வேணும்."

சனிக்கிழமை என்றால் பார்லரில் கால் வைக்க இடம் இருக்காது. மாதம் இரண்டு சனிக்கிழமை விடுமுறை என்று கதவில் ஒட்டியதும் வாடிக்கையாளர்கள் போர்க்கொடி தூக்கினார்கள். தையல்கடை அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து, "நல்லா இருடி கண்ணு" என்று வாழ்த்திவிட்டு, "அப்ப எனக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் எழுதிக்க" என்று முதல் ஆளாக இடம் பிடித்தார்.

உத்தரவுப்படி முதல் தடவை, மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை. கத்திரி வாழ்நாளில் எங்கும் நேரத்துக்குப் போனதில்லை. அன்றைக்கு இரண்டு பஸ் முன்கூட்டியே ஏறி, ஒன்பது மணிக்கெல்லாம் அந்தத் தெருவில் நின்றாள். நாலு மாடிக் கட்டடம். மணியடிக்கப் பயமாக இருந்தது. எதிர்ப்புறம் மூடியிருந்த கடை ஷட்டர் ஓரமாக நின்றுகொண்டாள். கொஞ்ச நேரத்தில் இரண்டாவது மாடி ஜன்னல் திறந்தது. அண்ணியின் தலை தெரிந்தது, மறைந்தது. பிறகு அவரே படியிறங்கித் தெருவைக் கடந்து வந்தார், கையில் ஒரு டம்ளர் காப்பி.

"பத்துன்னு போட்டா பத்துக்கு வரணும்."

"லேட்டாயிடுமோன்னு பயம் அண்ணி."

"சீக்கிரம் வர்றதும் நேரம் தப்பறதுதான்" என்றார். ஆனால் டம்ளரை நீட்டினார். அவள் ஊதி ஊதிக் குடிப்பதை நின்று பார்த்தார். "அவ ஏழு மணிக்கே எழுந்து ரெடி. ஜன்னல்கிட்ட விடல நான். உள்ள உக்காந்து கணக்குப் போடுன்னு சொல்லிட்டேன்." கொஞ்சம் தயங்கினார். "முன்முடியை நான்தான் வெட்டினேன். கண்ணுல விழுந்துச்சு. சரியா வரல."

"முதல் தடவைக்கு மோசமில்ல அண்ணி."

"அது நாலாவது தடவை" என்று சொல்லிவிட்டு அண்ணி திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

பத்து மணி அடித்ததும் பட்டாணி இறங்கி வந்தாள். கட்டிப்பிடிக்கவில்லை, அழவில்லை. விட்ட இடத்திலிருந்து தொடர்கிறவளைப் போலப் பேசிக்கொண்டே வந்தாள். வகுப்பில் ஒருத்தி மூக்கில் பென்சில் முனையை விட்டுக்கொண்ட கதை, அத்தை தூக்கத்தில் ரயில் நேரம் அறிவிக்கிற கதை. சித்தியின் வாய்க்கு அன்று வேலையே இல்லை. பூங்காவுக்குப் போனார்கள், வாடகைக்கு மிதிபடகு எடுத்தார்கள். இருவருக்கும் திசை திருப்பத் தெரியாததால் குளத்தின் நடுவிலேயே அரை மணி நேரம் வட்டம் போட்டார்கள். கரையிலிருந்து படகுக்காரர் கத்திய கத்தலுக்கு வாத்துகள்கூடத் திரும்பிப் பார்த்தன. மத்தியானம் ரொட்டியும் முட்டையும். அப்புறம் பட்டாணி பல்லைக் காட்டினாள், புதிதாக ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. "இது விழும்போது நீ இருக்க மாட்டே" என்றாள், குறையாக இல்லை, தகவலாக. "ஆனா எடுத்து வைக்கறேன். நாலாவது சனிக்கிழமை பார்க்கலாம்."

சாயங்காலம் ஆறு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது இரண்டாவது மாடி வாசலில் நின்றார்கள். கத்திரி பட்டாணியின் முகத்தைப் பார்த்தாள். இதுதான் அழுகிற நேரம். அழுதால் என்ன சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதே நாலைந்து விதமாகத் தயார் பண்ணி வைத்திருந்தாள்.

கண்ணாடிக்காரர் கதவைத் திறந்தார். உள்ளே டிவியில் ஏதோ கார்ட்டூன் ஆரம்பிக்கிற சத்தம்.

"ஐயோ, ஆரம்பிச்சிருச்சு!" பட்டாணி செருப்பை ஒரு மூலைக்கொன்றாக உதறினாள். உள்ளே ஓடியவள் பாதியில் நின்று திரும்பி வந்து, சித்தியின் இடுப்பைக் கட்டி ஒரு இறுக்கு இறுக்கினாள். "நாலாவது சனிக்கிழமை. சரியா?" என்றாள். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஓடிவிட்டாள்.

கத்திரி வாசலில் நின்றாள். தயார் பண்ணி வைத்த ஆறுதல் வார்த்தை ஒன்றுக்கும் வேலை இல்லை.

"அழல" என்றார் அவர், ரகசியம் போல.

"அழல" என்றாள் அவளும். "என்னை ஒரு கார்ட்டூனுக்காக விட்டுட்டுப் போயிட்டா."

"என்னையும் தினம் அப்படித்தான் விட்டுட்டுப் போறா."

இரண்டு பேரும் சத்தம் வராமல் சிரித்தார்கள். அவர் குனிந்து, உதறிய செருப்புகளை எடுத்து நேராக அடுக்கி வைத்தார். அவள் படியிறங்கினாள். தெருவுக்கு வந்ததும் சரியான பசி எடுத்தது. காலையிலிருந்து பட்டாணிக்கு ஊட்டிவிட்டதோடு சரி, தான் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்துக் கடையில் சூடாக ஒரு பன் வாங்கி, நின்றபடியே கடித்தாள். வந்த பஸ்ஸை விட்டுவிட்டு இன்னொரு பன் வாங்கினாள்.